500 ரூபாக்கு அடிச்சா 500 ரூபாக்கு ஓடலியே பாஸ்: நானுஓயா ஆட்டோ தம்பிக்கு பதில்

கேள்வி:

"கராஜ் பாஸ் அண்ணே வணக்கம். நான் நானுஓயா பக்கம் ஒரு தோட்டம், வயசு 24. அம்மாவோட ஈபிஎஃப் காசுல எட்டு மாசத்துக்கு முன்னாடி கொழும்புல ஒருத்தர்கிட்ட பழைய பஜாஜ் 4 ஸ்ட்ரோக் ஆட்டோ ஒண்ணு எடுத்தேன். ஸ்டேஷன்லருந்து நுவரெலியா டவுனுக்கு ஹயர் ஓடுறேன். காலையில 500க்கு அடிப்பேன், பின்னேரம் இன்னொரு 500. வித்தவர் லிட்டருக்கு 30 ஓடும்னு சொன்னாரு, எனக்கு 20 கூட வர்ற மாதிரி தெரியல. ஏத்தத்துல சில நேரம் இழுத்து இழுத்து நின்னே போகுது, ஆளுங்கள எறக்கி விட வேண்டியதா இருக்கு. பெட்ரோல் செட்டுல அளவு கொறைக்கிறாங்கன்னு நெனச்சு போன வாரம் பம்ப் அடிக்கிற பையனோட சண்டையே போட்டுட்டேன். ஸ்டாண்ட்ல அண்ணன்மாரு ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க, 95 ஒக்டேன் பெட்ரோல் அடி, விடியக்காலையில அடி, 500 கேக்காத 510 கேளு, எறக்கத்துல நியூட்ரல் போடுன்னு. இதுல எது உண்மை? இன்னொண்ணு, 2022ல பட்ட பாட்டுக்கு அப்புறம் வீட்டுல கட்டிலுக்கு கீழ 5 லிட்டர் கேன்ல பெட்ரோல் எப்பவும் வச்சிருக்கேன், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மாத்திருவேன். அது பழுதாகுமா?"

பதில்:

தம்பி, நீ கடைசி வரியில கேட்ட கேள்விதான் எனக்கு ராத்திரி முழுக்க மனசுல நின்னுச்சு, அந்த கேன் விஷயம். அதுக்கு வர்றேன், ஆனா நீ கேட்ட வரிசையிலயே போனாத்தான் அதுக்கு ஏன் அவ்வளவு சொல்றேன்னு உனக்கு வெளங்கும்.

மொதல்ல அளவு. ஒரு செட்டும் அளவு கொறைக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா உன் கதையில எனக்கு செட்டு மேல சந்தேகம் வரல. இன்னைக்கு வெலைக்கு 500 ரூபாக்கு ரெண்டு லிட்டர் கூட வராது. அவ்வளவு கொஞ்சமா அடிக்கிறப்போ மீட்டர் சரியா ஓடுனாலும் உன் கண்ணுக்கு கொறைஞ்ச மாதிரிதான் தெரியும், ஏன்னா டேங்குக்குள்ள ஏற்கனவே என்ன இருந்திச்சுன்னு உனக்கே தெரியாது, ரிசர்வுல ஓடிக்கிட்டு வந்து ஒண்ணரை லிட்டர ஊத்தி, அதுல ரெண்டு ஏத்தம் ஏறி மறுபடி ரிசர்வுக்கு வந்துட்டா "எங்க போச்சு என் 500"ன்னுதான் தோணும். நானும் உன் வயசுல அப்படித்தான் நெனச்சேன், ஒரு லொறிக்கார அண்ணன் என்னைய கூப்பிட்டு ஒரு கொப்பியும் பேனாவும் குடுத்து எழுத சொன்னாரு, அந்த பழக்கம் இன்னைக்கு வரைக்கும் இருக்கு.

நீயும் எழுது. செட்டுல வண்டிய மட்டமான எடத்துல நிப்பாட்டி கழுத்து அடி வரைக்கும் நெறப்பிரு, கிலோமீட்டர் மீட்டர்ல என்ன இருக்குன்னு கொப்பியில குறிச்சிக்க, ரெண்டு நாள் ஓடு, அதே செட்டு, அதே பம்பு, அதே எடம், மறுபடி அதே கழுத்து அடி வரைக்கும் நெறப்பு. ரெண்டாவது தடவை எத்தன லிட்டர் போச்சோ அதால ஓடுன கிலோமீட்டர வகுத்துப் பாரு. ஒரு தடவை பாத்து முடிவெடுக்காத, மூணு தடவை பாரு. கிலோமீட்டர் மீட்டர் வேலை செய்யலன்னா மொதல்ல அந்த கேபிள மாத்து, பெரிய செலவு இல்ல. ஒரு விஷயம் மட்டும் கவனம், வாய் வரைக்கும் ததும்ப நெறப்பாத, ஏத்த எறக்கத்துல மூடி வழியா கசிஞ்சு சூடான எஞ்சின் பக்கம் வடியும்.

அந்த கணக்குல 30 வராது, அத இப்பவே சொல்லிடுறேன். வித்தவர் பொய் சொன்னாருன்னும் நான் நெனைக்கல. அவரு ஓட்டுனது கடல் மட்டத்துல, மட்ட ரோட்டுல. நீ ஓட்டுறது 1600 மீட்டருக்கு மேல, ஸ்டேஷன்லருந்து டவுனுக்கு எட்டு ஒம்பது கிலோமீட்டரும் ஏத்தம், அதுவும் பின்னாடி மூணு பேரு, அவங்க பேக்கு ரெண்டு. நுவரெலியா டவுன் 1868 மீட்டர் உசரம், அங்க காத்தோட அழுத்தம் கொழும்ப விட அஞ்சுல ஒரு பங்கு கம்மி. உன் வண்டி கார்ப்ரேட்டர் வண்டி, பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு விடுறது அதுதான், அதுக்கு காத்து கொறைஞ்சிருக்குன்னு தெரியாது, கொழும்புல எவ்வளவு பெட்ரோல் விட்டுச்சோ அதே அளவுதான் இங்கயும் விடும், காத்து பத்தாம அந்த பெட்ரோல் முழுசா எரியாம கரியா போயிரும். வண்டி பெட்ரோலும் குடிக்கும், இழுக்கவும் இழுக்காது. கொழும்பு, நீர்கொழும்பு பக்கம் வாங்கிட்டு வர்ற ஆட்டோ முக்காவாசிக்கும் இந்த வியாதி இருக்கு, ஆனா வாங்குனவங்க செட்டுக்காரனத்தான் திட்டுறாங்க.

நாளைக்கு வண்டி நல்லா ஓடி முடிச்சதும் கொஞ்சம் ஆற விட்டு ஸ்பார்க் பிளக்க கழட்டி பாரு. மூக்கு நுனி பிஸ்கட் கலர்ல இருந்தா சரி. அடுப்புக்கரி மாதிரி காஞ்ச கறுப்பா கையில ஒட்டுச்சுன்னா நான் சொல்ற கேஸ்தான், கார்ப்ரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட்டும் காத்த கூட்டிக் கொறைக்கிற ஏர் ஸ்க்ரூவும் இந்த உசரத்துக்கு செட் பண்ணணும். அதுக்கு முன்னாடி ஏர் ஃபில்டர ஒருக்கா பாத்துரு, ஃபில்டர் அடைச்சிருந்தாலும் இதே கரிதான் வரும், அப்ப ஜெட்ட தொட வேண்டிய அவசியமே இல்லாம போகலாம். எண்ணெப் பசையோட ஈரமா கறுப்பா இருந்தா அது வேற, எஞ்சின் ஒயில் எரியுது, ரிங்கு வேலையாயிரும், அத தள்ளிப் போடாம சொல்லு.

இப்ப இழுத்து இழுத்து நிக்கிறது. கரிப் பிளக்கும் ஒரு காரணமா இருக்கலாம், ஆனா ஏத்தத்துல மட்டும் நிக்குது, மட்டத்துக்கு தள்ளிட்டு வந்தா ஸ்டார்ட் ஆகுதுன்னா என் கை நேரா டேங்குக்குத்தான் போகும். உன் டேங்க் முழுசா நெறஞ்சாலே 8 லிட்டர் மாதிரிதான், அதுல கடைசி ஒண்ணரை லிட்டர் ரிசர்வ். பெட்ரோல் டேப்ப மெயின்ல வச்சிருக்கும்போது குழாய் அடியிலருந்து கொஞ்சம் உசரத்துல வாய் வச்சு பெட்ரோல எடுக்கும், ரிசர்வுக்கு திருப்புனா அடி மட்டத்துலருந்து உறிஞ்சும். அடியில என்ன இருக்கும்? துரு, தூசு, தண்ணி. நீ காலையில 500 பின்னேரம் 500னு அடிச்சு எட்டு மாசமா அநேகமா அந்த அடிமண்டியிலயே வண்டிய ஓட்டிக்கிட்டு இருக்க. அதோட சாய்வுல ஏறும்போது டேங்குல கெடக்குற கொஞ்ச பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கிரும், குழாய் வாய் காத்தையும் சேத்து இழுக்கும், வண்டி ரெண்டு தடவை விக்கி நின்னுரும், ஆள எறக்கி மட்டத்துக்கு தள்ளுனா பெட்ரோல் திரும்பி வந்துரும், ஸ்டார்ட்டும் ஆகிரும். வேன், கார் வச்சிருக்கிறவங்களுக்கும் இதே கதைதான், கினிகத்தேனையிலருந்து ஹட்டன் ஏறும்போது மஞ்ச லைட் எரியும், மட்டத்துக்கு வந்தா அணையும், கேஜ் பழுதுன்னு நம்மகிட்ட வருவாங்க. கேஜ் நல்லாத்தான் இருக்கும். டேங்குக்குள்ள பெட்ரோல் தள்ளுற மோட்டர் இருக்கிற வண்டிக்கு இன்னும் கெடுதி, அந்த மோட்டர குளுமையா வச்சிருக்கிறதே சுத்தி நிக்கிற பெட்ரோல்தான், அது வத்த வத்த மோட்டர் சூடாகும்.

தண்ணி இருக்கான்னு நீயே பாக்கலாம், இதுக்கு எந்த மெஷினும் வேணாம். சுத்தமா கழுவி நல்லா காய வச்ச ஒரு ஜாம் போத்தல எடுத்துக்க. எஞ்சின் ஆறினப்புறம், வெளியில காத்தோட்டமான எடத்துல, கார்ப்ரேட்டர் கிண்ணத்துக்கு அடியில இருக்கிற சின்ன ஸ்க்ரூவ தளர்த்தி அந்த போத்தல்ல புடி. அப்படியே பத்து நிமிஷம் ஆடாம வச்சிரு. நல்ல பெட்ரோல்னா மேலருந்து அடி வரைக்கும் ஒரே தெளிவா இருக்கும். தண்ணி இருந்தா அடியில தனியா எறங்கி நிக்கும், போத்தல லேசா சரிச்சா அந்த தண்ணி பாதரசம் உருள்ற மாதிரி முத்து முத்தா உருளும், பக்கத்துல மஞ்சளா துருப்பொடி கோடு போட்டு நிக்கும். ஒரு தடவை இத கண்ணால பாத்துட்டா அப்புறம் ரிசர்வுல ஓட்ட உனக்கே மனசு வராது. போன வருஷம் மழைக்காலத்துல நான் எறக்குன ஒரு கார்ப்ரேட்டர்ல பாதிக்கு மேல தண்ணி, அந்த ஆளு மூணு செட்ட மாத்தி மாத்தி அடிச்சும் சரிவரலன்னு வந்தவரு.

தண்ணி எங்கருந்து வருது? செட்டு நெலத்தடி டேங்குல மழைத்தண்ணி எறங்குறதும் நடக்கும், இல்லன்னு சொல்லல, செட்டுக்கு பெட்ரோல் கொண்டு வர்ற பவுசர் வந்து எறக்கிக்கிட்டு இருக்கும்போது போனேன்னா கொஞ்ச நேரம் கழிச்சு அடிக்கிறது நல்லது, ஏன்னா எறக்கும்போது அடியில கெடக்குறது எல்லாம் கலங்கும். ஆனா நம்ம பக்கம் நான் பாத்த வரைக்கும் கூடுதலா தண்ணி வர்றது டேங்க் மூடி வழியாத்தான். மூடிக்குள்ள ரப்பர் வளையம் ஒண்ணு இருக்கு பாரு, அது வெடிச்சிருந்தா ஒவ்வொரு மழைக்கும் சொட்டு சொட்டா எறங்கும். அடிக்கும்போதே மழை பெஞ்சா கூரைக்கு உள்ளுக்கு தள்ளி நிப்பாட்டு, அப்படி எடம் இல்லாட்டி கொடைய விரிச்சு புடி. அப்புறம் பனி. ஜனவரி பெப்ரவரி ராத்திரி குளிரு உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல, காலியா கெடக்குற டேங்குக்குள்ள ஈரக்காத்து நெறஞ்சு நிக்கும், குளிர்ல அது தகரத்து உள்பக்கம் வேர்த்து எறங்கும். ஒரு ராத்திரிக்கு ஒண்ணுமே இல்ல, எட்டு மாசத்துக்கு சேரும். டேங்க் நெறஞ்சிருந்தா அந்த ஈரக்காத்துக்கு உள்ள எடமே இல்ல.

அதனால ஒன்னைய ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன், டேங்க பாதிக்கு கீழ எறங்க விடாத. நீ உடனே சொல்லுவ, "அண்ணே நாள் வரும்படிக்காரன், முழு டேங்க் அடிக்க எங்க போறது"ன்னு. கணக்க நல்லா பாரு. நீ ஒரு நாளைக்கு 1000 ரூபாக்கு அடிக்கிற, பாதி டேங்குக்கு மேல வச்சு ஓட்டுனாலும் அதே 1000 ரூபாக்குத்தான் எரியும், ஒரு ரூபா கூட கூடாது. வித்தியாசம் ஆரம்பத்துல ஒரே ஒரு தடவை ஊத்துற மூணு நாலு லிட்டர்தான். அது செலவு இல்ல தம்பி, அது முதல். கடை போடுறவன் மொதல்ல சாமான் வாங்கி அடுக்கிற மாதிரி. அது டேங்குல உன் காசாவே கெடக்கும், நாளைக்கு வண்டிய வித்தா கூட உறிஞ்சி எடுத்துக்கலாம். அதோட காலையில 500 பின்னேரம் 500னு ரெண்டு தடவை வரிசையில நிக்கிற நேரத்துல ஒரு ஹயர் போயிருவ.

அந்த முதலுக்கு காசு எங்கன்னு கேக்க வேணாம், அது உன் கட்டிலுக்கு கீழ கெடக்கு.

இப்ப அந்த கேன். பழுதாகுமான்னு கேட்ட, ரெண்டு மாசத்துல பெருசா பழுதாகாது, ஆனா நான் அதுக்கு பயப்படல. உங்க லயம், அந்த வரிசை வீடு, எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும், நானும் லயத்துல பொறந்து வளந்தவன். பத்துக்கு பன்னெண்டு அடி அறை, முன்னுக்கு இஸ்தோப்புன்னு ஒரு திண்ணை, பின்னுக்கு விறகடுப்பு, பக்கத்து வீட்டுக்கும் உன் வீட்டுக்கும் ஒரே கூரை. பெட்ரோல்லருந்து எழும்புற ஆவி காத்த விட கனம், மேல போகாது, தண்ணி ஓடுற மாதிரி தரையோட தரையா ஊர்ந்து போகும், கதவிடுக்குல நுழையும், அடுப்படிக்கு போகும். மண்ணெண்ணெய் மாதிரி நெனைக்காத, மண்ணெண்ணெய பத்த வைக்க சூடு வேணும், பெட்ரோல் நம்ம நுவரெலியா பனிக்குளிர்ல கூட ஆவி விட்டுக்கிட்டே இருக்கும், சைபருக்கு கீழ 40 பாகைக்கும் கீழதான் அது அடங்கும். பிளாஸ்டிக் கேன் மூடி எவ்வளவு இறுக்குனாலும் வாசம் வருதா இல்லியா? வாசம் வருதுன்னா ஆவி வருது.

2022 ஜூலை மாசம், எங்க லயத்துல நாலு வீடு தள்ளி, ஒரு பையன் கேன்லருந்து போத்தலுக்கு பெட்ரோல் மாத்துனான். அடுப்படிக்கு வெளியிலதான் இருந்தான், அடுப்பு அஞ்சாறு அடி தள்ளி, அதுவும் தணல்தான், எரியிற நெருப்பு கூட இல்ல. நெருப்பு அவன் கையிலருந்து ஆரம்பிக்கல, அடுப்பு வாயிலருந்து கெளம்பி தரையில நீலமா ஓடி வந்து அவன் காலப் புடிச்சிச்சு. நாங்க ஈரச் சாக்க போட்டு அமுக்கிட்டோம், அவன் அக்கா தண்ணி வாளிய தூக்கிட்டு ஓடி வந்தா, ஊத்தாதன்னு கத்துனோம், பெட்ரோல் நெருப்புல தண்ணிய ஊத்துனா பெட்ரோல் தண்ணி மேல மெதந்து நெருப்பையும் கூட்டிக்கிட்டு போகும். கூரை தப்பிச்சிச்சு, புள்ள ரெண்டு காலும் முட்டி வரைக்கும் வெந்து ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தான். அந்த நேரம் உள்ளுக்கு தொட்டில்ல ஒரு கைக்குழந்த இருந்திச்சு.

நீ ஏன் வச்சிருக்கன்னு எனக்கு நல்லா வெளங்குது. அந்த வருஷத்த யாரும் மறக்க ஏலாது. ஜூன் கடைசியில 92 பெட்ரோல் லிட்டர் 470 ரூபா, அந்த வெலைக்கும் செட்டுல இல்ல, ரெண்டு நாள் மூணு நாள் வண்டிக்குள்ளயே படுத்து கெடந்தோம், நாடு முழுக்க வரிசையில நின்ன எடத்துலயே உயிர விட்டவங்க இருக்காங்க. அப்புறம் பெட்ரோல் பங்கீட்டுக்கு கியூஆர் வந்திச்சு, ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லிட்டர். ஹயர் ஓடுறவனுக்கு 5 லிட்டர் எந்த மூலைக்கு? அப்ப கேன்ல ஒளிச்சு வச்சவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன், புள்ளைங்களுக்கு சோறு போட வேற வழி இல்ல. ஆனா அந்த கியூஆரையும் 2023 செப்டம்பர் 1ஆம் திகதியோட எடுத்துட்டாங்க, உன் கட்டிலுக்கு கீழ மட்டும் 2022 இன்னும் முடியல. மறுபடி தட்டுப்பாடு வந்தா என்ன பண்றதுன்னு நீ பயப்படுறது நியாயம்தான், அதுக்குத்தான் சொல்றேன், பாதிக்கு மேல பெட்ரோல் இருக்கிற டேங்கே உன்னோட கேன். அது தகரம், மூடி இருக்கு, வீட்டுக்கு வெளியில நிக்கிது, அம்மா தூங்குற கட்டிலுக்கு கீழ இல்ல.

அதனால இன்னைக்கே, நாளைக்குன்னு வைக்காம, பகல் வெளிச்சத்துல, வண்டி எஞ்சின் ஆறினப்புறம், அடுப்புக்கும் சாமி வெளக்குக்கும் எட்டாத தூரத்துக்கு வண்டிய தள்ளிக்கிட்டு போய் அந்த பெட்ரோல டேங்குல ஊத்து. மொதல்ல கொஞ்சத்த ஜாம் போத்தல்ல ஊத்தி தண்ணி இருக்கான்னு பாத்துக்க. புனல்ல நல்ல சல்லடை வலை போட்டு வடிகட்டி ஊத்து. பக்கத்துல யாரும் பீடி சிகரெட் புடிக்கக் கூடாது, சின்னப் புள்ளைங்கள தூரமா நிக்க சொல்லு. முடிஞ்சதும் அந்த கேன மூடி இல்லாம வெளியிலயே ரெண்டு நாள் வெயில்ல காத்தாட விட்டுரு, அதுக்கப்புறமும் அதுல தண்ணியோ எண்ணெயோ எடுக்காத. என்னைக்காவது வண்டி நடு ரோட்டுல நின்னு கேன்ல வாங்க வேண்டி வந்தா செட்டுல கேன தரையில வச்சு நெறப்ப சொல்லு, ஆட்டோ சீட்டு மேலயோ மடியிலயோ வச்சு நெறப்புனா ஸ்டாட்டிக் பொறி வந்து பத்தலாம். குடிக்கிற தண்ணி போத்தல் வேணவே வேணாம், தாகத்துல புள்ளைங்க எடுத்து குடிச்ச கதை நம்ம தோட்டங்கள்ல எத்தன.

சரி, ஸ்டாண்ட் அண்ணன்மாரு சொன்னதுக்கு வர்றேன், இது சீக்கிரம் முடியும். 95 உனக்கு வேணாம். ஒக்டேன்ங்கிறது சக்தி இல்ல, எஞ்சின் அழுத்துறப்போ பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடி வெடிக்காம தாங்குற தன்மை. உன் எஞ்சினுக்கு 92 தாராளம், மலையில காத்து அழுத்தம் கொறையிறதால அப்படி முன்னாடியே வெடிச்சு தட்டுறது இன்னும் கொறைவாத்தான் வரும். அந்த கூடுதல் காச ஃபில்டருக்கு போடு. விடியக்காலையில அடிச்சா கூட கெடைக்கும்ங்கிறதுல ஒரு உண்மை இருக்கு, பெட்ரோல் 10 பாகை சூட்டுக்கு நூத்துல ஒரு பங்கு மாதிரி விரியும், ஆனா செட்டு டேங்க் மண்ணுக்குள்ள இருக்கு, அங்க காலையிலயும் மத்தியானமும் சூடு பெருசா மாறாது, ஒரு ரூபா ரெண்டு ரூபாக்காக பனியில எழும்பி போகாத. 510, 520 கேக்குறதால மீட்டருக்கு ஒண்ணும் தெரியாது. அடிச்சப்புறம் வண்டிய ஆட்டி ஆட்டி இன்னும் கொஞ்சம் ஊத்துறதும் வேணாம். மாசக் கடைசியில வெல கொறையும்னு டேங்க காய வச்சு காத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கும் சொல்றேன், லிட்டருக்கு 5 ரூபா கொறைஞ்சா கூட முழு 8 லிட்டருக்கு 40 ரூபா, அதுக்கு டேங்குல கெடக்குற அழுக்க எஞ்சினுக்கு ஊட்டாதீங்க.

நியூட்ரல் மட்டும் சீக்கிரம் முடியாது. தம்பி, எறக்கத்துல நியூட்ரல் போடாத, எஞ்சின ஓஃப் பண்ணிட்டு உருட்டவும் செய்யாத. கியர்ல எறங்குனா எஞ்சினே வண்டிய புடிச்சிக்கிட்டு எறக்கும், நியூட்ரல்ல மூணு ஆளோட பாரம் முழுக்க பிரேக் மேல. டிரம் பிரேக் சூடேறிச்சுன்னா எவ்வளவு மிதிச்சாலும் புடிக்காது, அந்த நேரம் கியர் போடலாம்னு பாத்தா வேகத்துல விழாது. நீ நிக்கிற எடத்துலருந்து கொஞ்ச தூரத்துலதான் ரதல்ல குறுக்கு ரோடு இருக்கு, 2023 ஜனவரியில அந்த எறக்கத்துல பஸ், வேன், ஆட்டோ மூணும் மோதி 7 பேரு செத்தாங்க, அந்த ஆட்டோ ஓட்டுன தம்பியும் அதுல ஒருத்தர். அந்த சாய்வு எப்படிப்பட்டதுன்னு உனக்கு நான் சொல்லணுமா? ஒரு எறக்கத்துல நியூட்ரல் போட்டு நீ மிச்சம் புடிக்கிறது ஒரு பிளேன்டி, பால் இல்லாத டீ, காசு கூட வராது. எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கு.

இனி அந்த பம்ப் அடிக்கிற பையன். அவனும் நம்ம மாதிரி ஒரு வீட்டுப் புள்ளதான், காலையிலருந்து ராத்திரி வரைக்கும் குளிர்லயும் பெட்ரோல் வாசத்துலயும் நிக்கிறவன். சந்தேகம் வராம இருக்க சண்டை தேவையில்ல, எறங்கி நின்னு பாத்தாலே போதும். எஞ்சின ஓஃப் பண்ணு, போன பொக்கெட்டுல போடு, எறங்கி பம்புக்கு முன்னாடி நில்லு. அவன் "கீயடத", எவ்வளவுக்குன்னு சிங்களத்துல கேட்டதும் சத்தமா தொகைய சொல்லு, சைபர்லருந்து ஓடுதான்னு பாரு, நடுவுல நிப்பாட்டி மறுபடி ஆரம்பிச்சா எங்க நின்னுச்சுன்னு மனசுல வச்சிக்க, லிட்டர் எத்தனன்னு வாசி, பில் கேளு. கண்ணு பம்புல இருக்கிற ஆளுக்கிட்ட யாரும் வெளையாட மாட்டாங்க. பம்புகள அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்துக்காரங்க அளந்து பாத்து சீல் வைப்பாங்க, அதனால கொப்பிக் கணக்கு மூணு தடவையும் ஒரே பம்புல மட்டும் ஒதச்சிச்சுன்னா பில்லோட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு கோல் பண்ணி சொல்லு. கையில கொப்பியும் பில்லும் இருந்தா கேப்பாங்க. அந்த பையன அடுத்த தடவை பாக்கும்போது ஒரு வார்த்த "மல்லி (தம்பி), மனசுல வச்சிக்காத"ன்னு சொல்லிரு, நாளைக்கும் அவன்கிட்டதான் அடிக்கணும்.

உங்க அம்மா எத்தன வருஷம் கொழுந்து எடுத்து சேந்த ஈபிஎஃப் காசு அதுன்னு எனக்கு தெரியும். அந்த வண்டி நல்ல வண்டிதான், அத ரிசர்வுல போட்டு வாட்டாத.

கேன்ல இருக்கிறத ஊத்திட்டு, மூடி ரப்பர மாத்திட்டு, பெட்ரோல் ஃபில்டரும் புதுசு ஒண்ணு போட்டுட்டு ரெண்டு வாரம் கொப்பியில எழுது. அப்பவும் பிளக் கறுப்பாத்தான் இருந்தா ஒரு ஞாயித்துக்கெழம காலையில கராஜுக்கு வா, ஜெட்ட பாப்போம், அர நாள் வேலைதான். வர்றப்போ அந்த கொப்பிய மறக்காம எடுத்துட்டு வா, பழைய பிளக்கையும் ஒரு கடதாசியில சுத்தி கொண்டு வா. எஞ்சின சூடாக்கி வைக்காத, ஆறின எஞ்சினத்தான் எனக்கு பாக்கணும், அதனால எட்டு மணிக்கே வந்து வண்டிய விட்டுட்டு டவுன்ல ஒரு டீ குடிச்சிட்டு வா.